கழுதைப் படம் போட்ட பாட்டில்

அத்தியாயம் ஐந்து

இரண்டாவது கடையிலும் கழுதை இல்லை.

"அண்ணி, நாம நடத்தறது துப்பறியும் நிலையமா, கால்நடை ஆஸ்பத்திரியா?" என்றாள் வாயாடி, ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு. "காலையிலேருந்து படியேறிப் படியேறி கழுதை இருக்கா, கழுதை இருக்கான்னு கேக்கறேன். உள்ள இருக்கறவன் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, இப்பதான் ஒண்ணு வந்திருக்குங்கறான்."

அண்ணி சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவள் சிரிக்க மாட்டாள். யாராவது சம்பள உயர்வு கேட்டால் மட்டும் லேசாகச் சிரிப்பாள் என்பது வாயாடியின் நீண்ட நாள் குற்றச்சாட்டு.

அண்ணி என்றால் வாயாடிக்கு நிஜமாகவே அண்ணன் மனைவி. ஆனால் ஊரில் எல்லோருக்குமே அவள் அண்ணிதான். எரிந்துபோன கிடங்குகளுக்குள் நுழைந்து, எது தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று பிட்டுப் பிட்டு வைக்கும் வேலையை ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பார்த்துவிட்டு, சாவிக் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் திறந்தவள். வாடிக்கையாளர்களிடம் அளவுக்கு மேல் பேசியதற்காக ஒரு டெலிபோன் கம்பெனி வெளியே அனுப்பிய நாத்தனாரை, வேறு வழியில்லாமல் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டாள். அந்த வேறு வழியில்லாமையை வாயாடி இன்றுவரை தகுதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வழக்கு நேற்றுக் காலை மாடியேறி வந்தது. வந்தவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் எவர்சில்வர் அண்டாக்களை வைத்து சொந்தமாக பீர் வடிப்பவள். எல்லோரும் அவளைப் பீர்க்கூடத்துக்காரி என்பார்கள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்ததும் குடித்து, என்ன விஷயம் என்றதும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஜாடி செத்துப்போச்சு" என்றாள்.

வாயாடி வாயைத் திறப்பதற்குள் அண்ணி மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தாள்.

விஷயம் இதுதான். பெல்ஜியத்திலும் பிரான்சிலும் பண்ணை வீடுகளில் குளிர்காலத்தில் வடித்து வைத்து, கோடையில் வயல் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற ஒரு வகை பீர் உண்டு. பெல்ஜியத்தில் அதை ஸேஸோன் என்பார்கள். பீர்க்கூடத்துக்காரி வடிப்பது அந்த ரகம்தான். பல வருஷத்துக்கு முன்னால் கழுதைப் படம் போட்ட ஒரு பெல்ஜியம் பாட்டில் அவள் கைக்கு வந்தது. அதன் அடியில் படிந்திருந்த மண்டியை வீணாக்காமல் ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டு, தீனி போட்டு வளர்த்தாள். அந்த மண்டிதான் ஈஸ்ட். அதற்கு உயிர் உண்டு. அவள் பீரின் ருசி முழுக்க அந்த ஜாடிக்குள் இருந்தது.

"போன வாரம் ஜாடியை ஜன்னல்ல வெச்சுட்டு மறந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் வெயில். திறந்தா ஒரே நாத்தம். வர்ற சனிக்கிழமை ஒரு பெரிய ஹோட்டலுக்கு முதல் தடவையா வடிக்கணும். முன்னாடி வடிச்சது ஒரு சொட்டு மிச்சமில்ல. வேற ஈஸ்ட் போட்டா பீர் வரும், என் பீர் வராது. ஒத்துக்கிட்டதைக் குடுக்கலைன்னா கொட்டகையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"அந்தப் பாட்டில் மறுபடி கிடைச்சா?" என்றாள் அண்ணி.

"அடிமண்டியை எடுத்து மறுபடி உயிர் குடுத்துடுவேன். அந்தக் கழுதையைத்தான் எங்கயும் காணோம். அது மட்டுமில்ல, ஊர்ல இருக்கற அத்தனை பிரெஞ்சு, பெல்ஜியம் பண்ணை பீரையும் எனக்கு முன்னாடி யாரோ வாங்கிட்டுப் போறாங்க. ஆத்தங்கரை பீர் ஆலை மீசைக்காரரா இருக்கும்னு தோணுது. என் ருசியைத் திருடப் பாக்கறார்."

கடைசியாக ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது. "கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆச்சு. வந்த புதுசுல அவர் அந்த ஜாடியை ஆசையா எடுத்துப் பாத்தார். நீங்க தொட்டாலே அது செத்துடும், அந்தப் பக்கமே வராதீங்கன்னு தெருவே கேக்கற மாதிரி கத்தினேன். மனுஷன் வாயே திறக்கல. இப்ப நானே கொன்னுட்டு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்வேன்? சந்தேகம் வரக்கூடாதுன்னு ரொட்டி ஈஸ்ட்டைக் கரைச்சு ஜாடியில ஊத்தி வெச்சிருக்கேன். அவர் கிளினிக்குக் கிளம்பினப்புறம்தான் நான் கடைகளுக்கே போறேன்."

அதனால்தான் இந்தக் கழுதை ஊர்வலம்.

மூன்றாவது கடை ஒரு முட்டுச் சந்தில் இருந்தது. கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் மின்விசிறியைத் தனக்கு மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பண்ணை பீர் என்றதுமே கையை விரித்தார்.

"எல்லாத்தையும் ஒரே ஆள் வழிச்சுட்டுப் போயிட்டான், மேடம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தான். முகத்துல மாஸ்க், கையில உறை. லேபிளைப் பாக்கல, விலையைப் பாக்கல. பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சு அடியை மட்டும் பாத்தான். பிரெஞ்சா பெல்ஜியமான்னு கேட்டான். ரெண்டும் இருக்குன்னேன். ரெண்டும்னுட்டான்."

"ஆள் எப்படி?"

கடைக்காரர் முகம் சுருங்கியது. "மரியாதை தெரியாதவன். சில்லறை குடுக்கறப்ப சிரிச்சேன். வாடிக்கையாளர்னா சிரிக்கறதுதானே. அவன் குனிஞ்சு என் வாயைப் பாத்தான். பாத்துட்டு 'ச்சு'ன்னு ஒரு சத்தம். துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி தலையை ஆட்டிட்டுப் போறான்."

வாயாடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் கடையில் பில் போடும் பெண்ணும் இதையே சொல்லியிருந்தாள். என்ன பேசினாலும் என் வாயையே பார்த்தார் என்று வெட்கத்தோடு சொன்னாள். வாயாடி அதைக் காதல் கணக்கில் சேர்த்திருந்தாள். இப்போது அந்தக் கணக்கில் மின்விசிறிக்காரரையும் சேர்க்க மனசு வரவில்லை.

"கழுதைப் படம் போட்டது?" என்றாள் அண்ணி.

"அதை யாரும்மா வாங்குவா? அடியில சேறு மாதிரி தேங்கி நிக்கும். கெட்டுப்போனதை விக்கறியான்னு சண்டைக்கு வருவாங்க. நான் எடுக்கறதே இல்ல."

அண்ணியின் மூக்கு நுனியில் வேர்வை அரும்பியது. வாயாடிக்கு அந்த மூக்கு நன்றாகத் தெரியும். வழக்கு முடியப்போகிறது என்று அர்த்தம்.

"வேற யார் எடுப்பாங்க?"

"சந்தைக்குப் பின்னாடி ஒரு கண்ணாடிக்காரர் கடை இருக்கு. இறக்குமதியாகற எல்லாத்தையும் எடுப்பார். ஆனா ரொம்ப சுத்தம் பாப்பார். ஒவ்வொரு பாட்டிலையும் டியூப் லைட்ல பிடிச்சுப் பாத்து, ஒரு தூசி இருந்தாலும் கழிச்சு ஓரமா வெச்சுடுவார்."

வெளியே வந்ததும் அண்ணி ஸ்கூட்டரின் பின்சீட்டில் துள்ளி ஏறினாள். "ஓட்டு."

"என்ன புரிஞ்சுது, எனக்கும் கொஞ்சம் பிச்சை போடுங்க."

"எரிஞ்ச கிடங்குக்குள்ள போனா நான் முதல்ல பாக்கறது அலமாரியை இல்ல. கழிச்சுப்போட்ட சரக்கை. எவனும் அதைக் கணக்குல எடுக்க மாட்டான், எவனும் திருட மாட்டான். நம்ம கழுதை எந்தக் கடை அலமாரிக்குமே ஏறல. அதோட பெருமையே அந்த மண்டிதான், அதையே அழுக்குன்னு நினைச்சு ஒதுக்கியிருக்காங்க. அந்தம்மா அலமாரி அலமாரியாத் தேடியிருக்காங்க, பாவம்."

"சரி, அந்த வாய் பாக்கற மாஸ்க்காரன் யாரு? மீசைக்காரரா?"

"மீசைக்காரர் தொழில் தெரிஞ்சவர். எது வேணும்னு தெரிஞ்சவன் ஒண்ணை எடுப்பான். தெரியாதவன்தான் கடையையே வாரிக்கிட்டுப் போவான். முன்னாடி பாரு, பஸ்."

வாயாடி பஸ்ஸைப் பார்த்தாள். பஸ்ஸும் அவளைப் பார்த்துவிட்டு நல்லவேளையாக ஒதுங்கியது.

கண்ணாடிக்காரர் கடை ஆஸ்பத்திரி மாதிரி பளபளத்தது. பாட்டில்கள் உயர வரிசையில் நின்றன. தடித்த கண்ணாடி போட்ட பெரியவர் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"கெட்டுப்போன சரக்கு இருக்குங்களா?" என்றாள் அண்ணி.

பெரியவர் பாட்டிலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இருவரையும் பார்த்தார். "நான் கடை ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒருத்தர்கூட இப்படிக் கேட்டதில்ல. இன்னிக்கு என்ன ஆச்சு ஜனங்களுக்கு? இப்பத்தான் ஒருத்தர் வந்து, உங்ககிட்ட இருக்கறதுலயே மண்டி அதிகமா இருக்கறதைக் குடுங்கன்னார். பின்பக்கம் கழிச்ச பெட்டி கிடக்கு, பொறுக்கிக்கங்கன்னு விட்டுட்டேன்."

அண்ணியும் வாயாடியும் ஒரே நேரத்தில் பின்கதவுக்குப் பாய்ந்தார்கள். கதவு ஒருவருக்குத்தான் இடம் கொடுத்தது. இருவரும் சிக்கிக்கொண்டு பிதுங்கி வெளியே விழுந்தபோது, காலிப் பெட்டிகளுக்கு நடுவில் மாஸ்க் போட்ட ஒரு ஒல்லி மனிதர் நிமிர்ந்து நின்றார். உறை மாட்டிய இரண்டு கைகளுக்கு நடுவில் ஒரு பாட்டில், கம்பி கட்டிய கார்க்கோடு. லேபிளில் காது விடைத்த கழுதை.

அவர் அவர்களைப் பார்த்தார். அவர்கள் கழுதையைப் பார்த்தார்கள். அவர் திரும்பி, பின்சந்தில் நடக்க ஆரம்பித்தார்.

நடக்கத்தான் செய்தார். ஓடவில்லை. விளிம்புவரை நிரம்பிய பாத்திரத்தை ஏந்திப் போகிறவர் போல, பாட்டிலை மார்புக்கு நேரே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல் வழுக்கிக்கொண்டு போனார். வாயாடி பாயப் போனாள். அண்ணி அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பாயாதே. கலங்கிடும். கை நழுவினா அதுவும் போச்சு, ஊர்லயே அது ஒண்ணுதான்."

"அப்ப என்ன பண்றது?"

"நடந்து துரத்து."

இப்படியாக அந்த ஊர் சரித்திரத்திலேயே மிக மெதுவான துரத்தல் தொடங்கியது. அவர் வேகமாக நடந்தார். அவர்கள் அதைவிட வேகமாக நடந்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் மூவரும் தயங்கினார்கள். ஒரு தெருவைக் கடக்க, வண்டிகள் போகட்டும் என்று அவர் நின்றார். நியாயத்துக்கு அவர்களும் பின்னால் நின்றார்கள். சைக்கிளில் போன ஒருவன் உங்களுக்குள்ள ஏதாவது நடைப் போட்டியா என்று கேட்டான்.

"சார், நில்லுங்க" என்றாள் வாயாடி.

"முடியாது" என்றார் அவர், மூச்சு வாங்காமல்.

"நாங்க ரெண்டு பேர், நீங்க ஒருத்தர்."

"கிட்ட வந்தீங்கன்னா குலுக்கிடுவேன்."

அந்த மிரட்டலில் அண்ணியே ஒரு கணம் வெலவெலத்துப்போனாள். பிறகு அவள் முகத்தில் ஒரு அமைதி வந்தது. ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பரிதாபமான குரலில் கூப்பிட்டாள்.

"டாக்டர், கடைவாய்ப் பல்லு ஒண்ணு உயிர் போகுது."

அவர் சட்டென்று நின்று திரும்பினார். "மேலயா, கீழயா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாயாடிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வருகிறவர். கையுறை, மாஸ்க். மின்விசிறிக்காரர் சிரிப்பைப் பார்த்து ச்சு கொட்டியவர். அப்புறம் நேற்று ஒரு பெண் அழுதுகொண்டே சொன்ன ஒரு வார்த்தை, கிளினிக்.

"அடக் கடவுளே, பீர்க்கூடத்து அக்காவோட வீட்டுக்காரர்" என்றாள்.

பல் டாக்டர் மாஸ்க்கை இறக்கினார். உள்ளே நல்ல, வெள்ளந்தியான முகம். அது திருதிருவென்று விழித்தது. "அவகிட்ட சொல்லிடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

அவருடைய கிளினிக் அந்தத் தெருவிலேயே இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் நடுப்பகலில் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தார்கள். டெய்லர் ஒரு சட்டைக்கு மூன்றாவது கையை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். கூரியர்காரர் ஒரு பார்சலைக் கட்டிப்பிடித்துப் பாடிக்கொண்டிருந்தார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு அடியில இருக்கறது மட்டும்தான் வேணும். மேல இருக்கறதை என்ன பண்றது, இவங்களுக்கு ஊத்திக் குடுத்துடுவேன்."

உள்ளே, பல் பிடுங்கும் நாற்காலிக்குப் பக்கத்தில், கருவிகள் இருக்க வேண்டிய தட்டில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் அடிமண்டி.

"நான்தான் கொன்னேன்" என்றார் டாக்டர், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து. "அவளுக்கு உதவியா இருக்கட்டும்னு போன மாசம் ஃப்ரிட்ஜைச் சுத்தம் பண்ணேன். ஜாடி மூடியைச் சுத்தி ஒரே பிசுபிசுப்பு. எனக்கு அழுக்கைப் பாத்தா கை சும்மா இருக்காது. ஜாடியோட எடுத்துட்டு வந்து, கருவியெல்லாம் கொதிக்க வைக்கிற மெஷின்ல போட்டு எடுத்துட்டேன். வெளிய எடுத்தப்புறம்தான் என்ன பண்ணியிருக்கேன்னே உறைச்சுது. நீங்க தொட்டாலே செத்துடும்னு அவ சொன்னா. தொட்டேன், செத்துடுச்சு. அவ உழைப்பு மொத்தமும் அதுல. எந்தப் பாட்டில்லேருந்து வளர்த்தான்னு எனக்குத் தெரியாது, கேட்டா மாட்டிக்குவேன். அதான் கண்ணுல பட்டதையெல்லாம் வாங்கினேன்."

அண்ணியின் புருவம் உயர்ந்தது. "போன மாசமா?"

"ஆமா."

"அப்புறம் இத்தனை நாளா அந்த ஜாடியில என்ன இருந்துச்சு?"

டாக்டர் குரல் அடங்கிப்போனது. "மைதாமாவு. தண்ணியில கரைச்சு ஊத்தி வெச்சேன். பாக்க அதே மாதிரி இருந்துச்சு."

வாயாடி உட்கார இடம் தேடினாள். பல் நாற்காலிதான் அகப்பட்டது. அதில் மல்லாந்து படுத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அண்ணி வேலை நேரத்தில் சிரிப்பதில்லை. ஆனால் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதையும், தோள் குலுங்கியதையும் வாயாடி பார்த்துவிட்டாள்.

"அண்ணி, ஃபோன் பண்ணட்டுமா?"

"பண்ணு. கழுதை கிடைச்சிடுச்சுன்னு மட்டும் சொல்லு."

பீர்க்கூடத்துக்காரி ஏப்ரனோடு ஓடி வந்தாள். வரச் சொன்னது புருஷனுடைய கிளினிக்குக்கு என்பதைக்கூடக் கழுதை கிடைத்த சந்தோஷத்தில் அவள் யோசிக்கவில்லை. கதவைத் திறந்தவள் முதலில் பாட்டிலைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. அப்புறம் பாட்டிலைப் பிடித்திருந்த ஆளைப் பார்த்தாள், முகம் வெளுத்தது. அடுத்து என்ன வருமோ என்று வாயாடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நான் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். ஜாடியை ஜன்னல்ல வெச்சுக் கொன்னுட்டேன்."

"இல்லம்மா. நீ கொல்லல."

"நாத்தம் அடிச்சுதுங்க. நானே மோந்து பாத்தேன்."

"அது மைதாமாவு."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் சொன்னார். ஃப்ரிட்ஜ், பிசுபிசுப்பு, கொதிக்க வைக்கிற மெஷின், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "நீ அழுதது மைதாமாவுக்கு" என்று முடித்துவிட்டு, அடி வாங்கத் தயாரானவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. முந்தாநாள் ஜாடியைப் பாத்தேன். நுரைச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் கரைச்ச மாவு எப்படி உயிரோட வந்துச்சுன்னு அன்னிக்குத் தூக்கமே வரல."

"அது ரொட்டி ஈஸ்ட்டுங்க. உங்களை ஏமாத்த நான் ஊத்தினது."

அவள் கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து சிரிப்பு வந்தது. சிரிப்பின் பாதியில் அழுகை வந்தது. அழுதபடியே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மாசமா தனியா பயந்துக்கிட்டிருந்தீங்களா? நான் கத்தினது தப்புங்க. அன்னிக்கே தப்புன்னு தெரியும். சொல்லத்தான் வாய் வரல."

அவர் பாட்டில் ஆடாமல் இருக்க ஒரு கையை மட்டும் எடுத்து அவள் முதுகில் வைத்தார்.

அன்று மாலை கொட்டகையில் கழுதையைத் திறந்தார்கள். கார்க் டப்பென்று கிளம்பிக் கூரையில் பட்டது. மிளகும் எலுமிச்சைத் தோலும் காய்ந்த வைக்கோலும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. மேலே தெளிந்து நின்றதைக் கண்ணாடித் தம்ளர்களில் சாய்க்க வேண்டும். அடியில் நிற்கும் மண்டி அசையாமல் பாட்டிலிலேயே தங்க வேண்டும். பீர்க்கூடத்துக்காரி பாட்டிலை எடுத்தாள். ஒரு கணம் யோசித்தாள். அதைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஊத்துங்க."

"நானா? வேண்டாம்மா. கை நடுங்குது."

"தினமும் பல்லு பிடுங்கறீங்க, அதுக்கு நடுங்காத கையா?"

"அது அடுத்தவங்க பல்லு."

ஆனாலும் ஊற்றினார். இந்த உலகத்தில் அவ்வளவு மெதுவாக யாரும் பீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். வாயாடி தன் தம்ளருக்கு வந்ததைக் குடித்துவிட்டு, கழுதைக்கு இவ்வளவு ருசி இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே என்றாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. மண்டி ஜாடிக்குள் இறங்குவதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று ராத்திரி முழுக்க ஜாடி அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. பீர்க்கூடத்துக்காரி சாப்பிடவில்லை என்று டாக்டர் ஃபோன் செய்தார். டாக்டர் சாப்பிடவில்லை என்று பீர்க்கூடத்துக்காரி ஃபோன் செய்தாள். சனிக்கிழமை விடிந்ததும் அண்ணி பொறுக்க முடியாமல் ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னாள். துப்பறியும் நிலையத்தில் இன்று இதைவிட முக்கியமான வேலை இல்லை என்றாள்.

கொட்டகையில் அவர்கள் இருவரும் ஜாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், முகம் கழுவாமல். அண்ணியும் வாயாடியும் பக்கத்தில் போய்க் குனிந்தார்கள். அடியிலிருந்து ஒரு குமிழி புறப்பட்டது. தயங்கித் தயங்கி மேலே வந்து உடைந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. பிறகு கணக்கில்லாமல் வந்தன. வெள்ளையாக ஒரு நுரை ஜாடியின் தோள்வரை பொங்கி எழுந்தது. வாயாடிக்கு வாழ்க்கையில் முதல்தடவையாகப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

பீர்க்கூடத்துக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்டாக்களைக் கழுவி அடுப்பு மூட்ட வேண்டும், ஹோட்டலுக்கு வடிக்க வேண்டும், ஆயிரம் வேலை இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

டாக்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தபடி மெல்லக் கேட்டார்.

"தொடலாமா?"

அவள் ஜாடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அது கதகதப்பாக இருந்தது.

"தொடுங்க" என்றாள். "கொதிக்க மட்டும் வெச்சுடாதீங்க."